இருளாண்டியும் நின்று நின்று போன மஞ்சள் காரும்

இருளாண்டியைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு ஒரு அவசியமும் கிடையாது. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து ஷெட்டில் இருந்தோம். அதில் கடைசி ஆறு வருஷம் முகம் பார்த்துப் பேசியதில்லை. அவன் என்னைத் திட்டுவான், நான் அவனைத் திட்டுவேன், ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்துத் திட்டுவோம். ரோட்டில் போகிறவன்தான் பாவம், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான்.

இடம், கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகிற ஈசிஆர் ரோடு. எங்கள் ஷெட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனால் உப்புக்காற்று மட்டும் தவறாமல் வரும். ஸ்பேனரை மறந்து வெளியே வைத்துவிட்டால் ரெண்டே நாளில் துருவேறிக் கிடக்கும். என்னுடையது ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. செல்ஃப் மோட்டார், ஒயரிங், பேட்டரி வேலை. என் பேர் சின்னச்சாமி. அவனுக்கு நான் எப்போதும் ஒயர்க்காரன்தான்.

அவனுடையது கார் மெக்கானிக் ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. தகரத்தில் சாக்பீசால் எழுதி வைத்திருந்தான்: "சத்தம் என்னன்னு சொல். காரணத்தை நான் சொல்வேன்." யாராவது காரை நிறுத்தி, "அண்ணே, கிளட்ச் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்" என்றால் போச்சு. "நீயே நெனச்சிட்டேல்ல, நீயே மாட்டிக்க" என்று ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அப்படி ஒரு தாசில்தாரையே முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தவன். அந்தத் தாசில்தார் மறுபடி அவனிடம்தான் வந்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் சண்டைக்குக் காரணம் ஒரு எர்த் ஒயர். ஒரு டாக்டருடைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று கழற்றி என்னிடம் கொடுத்தனுப்பினான். நான் பார்த்தால் மோட்டார் முழுசாக இருக்கிறது. எர்த் ஒயர் முடுக்கிய இடத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள், கரன்ட் போகவில்லை. டாக்டர் நின்றுகொண்டிருந்தார், அவரிடம் சொன்னேன். அன்றைக்கு இருளாண்டி பேட்டரி கிளாம்பை எடுத்து என் ஷெட்டுக்குள் வீசினான். ட்யூப்லைட் உடைந்தது. "நான் செல்ஃப்னு சொல்லல, செல்ஃப் பக்கம்னு சொன்னேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். தப்பு என்னுடையது என்று அவன் வாயிலிருந்து வந்து அந்த ரோட்டில் ஒருத்தனும் கேட்டதில்லை.

அவன் பிறந்தது கடலாடி பக்கம் ஒரு காட்டூர். அவன் அய்யா அடுத்தவன் புஞ்சையில் பருத்தி எடுத்தவர். அஞ்சாம் வகுப்போடு அவன் படிப்பு சரி. பதினாலு வயசில் மாரியூர் கடற்கரைக்குப் போய் மீன்பிடி வள்ளத்து டீசல் இன்ஜின் வேலைக்குச் சேர்ந்தான். பதினெட்டு வருஷம் அங்கேதான். மணலில் மண்டியிட்டு, அலை வந்து காலை நனைக்க, அந்த இன்ஜின்களைப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டவன். அப்புறம் யாரோடோ அடிதடி. கீழக்கரைக்கு வந்தான். அங்கே ரம்ஜான் பீவி என்கிற அம்மாவின் வீட்டுக்காரர் தன் ஜீப்பைச் சரிசெய்து கொடுத்ததுக்காக, ஈசிஆர் ரோட்டு மேல் இருந்த தன் இடத்தில் தகரம் போட்டுக்கொள்ளச் சொன்னார். எழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். அவர் மௌத்தான பிறகு ரம்ஜான் பீவியும் அந்தச் சொல்லை மாற்றவில்லை.

மாற்ற நினைத்தது அவர் மகன் நவ்ஷாத். சார்ஜாவில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறான். முப்பத்தஞ்சு வயசிருக்கும். தனுஷ்கோடிக்குப் போகிற கூட்டம் அந்த ரோட்டில் பெருகப் பெருக, அந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஜூஸ் கடை கட்டவேண்டும் என்று ரெண்டு லீவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உம்மா சம்மதிக்கவில்லை.

போன லீவில் வந்தவன் பெங்களூரில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தான். மஞ்சள் கலர். முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், பின்னால் இருப்பது சீட் மாதிரி ஒரு தட்டு. ரோட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பூனை நுழையாது. அதை நம் ஊர் வேகத்தடையில் ஏற்றி இறக்குவதே ஒரு திருவிழா. அந்தக் காரை இருளாண்டியிடம்தான் சர்வீஸுக்கு விட்டான். ராமநாதபுரத்தில் யாரும் பானட்டைத் திறக்கவே பயந்தார்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதே கார் ரிக்கவரி வேன் மேல் ஏறி வந்து ஷெட் வாசலில் இறங்கியது.

நவ்ஷாத் வேன் நிற்கும் முன்பே குதித்தான்.

"யோவ், என்ன பண்ணி வச்சீரு வண்டிய? நேத்து பாம்பன் பாலத்துல நடுவுல நின்னு போச்சு. எம் பொஞ்சாதி தஸ்னீம் உள்ள, மடியில மூணு வயசுப் புள்ள. பின்னால பஸ்ஸு. ஒரு கையளவுல பிரேக் அடிச்சான். காத்து ஒரு பக்கம் தள்ளுது, அவ கத்துறா, நான் சாவியத் திருகித் திருகி நிக்கிறேன்!"

இருளாண்டி டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"எப்படி நின்னுச்சு? ஓடும்போதா, நிக்கும்போதா?"

"ஓடும்போது ஓடுது. காலை எடுத்தா ஆர்பிஎம் முள்ளு அஞ்சூறுக்கு வந்து நடுங்குது. ஏசி போட்டா முந்நூறு. அப்புறம் புட்டுன்னு ஆஃப்."

"பாலத்து மேல காத்து அடிக்கயில எதுக்கு ஏசி? காத்து பத்தலையா மொதலாளிக்கு?"

"நக்கலா? சர்வீஸுக்கு முன்னாடி காலை எடுத்தாலும் ஐடில்ல எண்ணூத்தி அம்பதுல நின்ன வண்டி இது."

"சர்வீஸுல என்ன செஞ்சேன்னு கேளு. ஆயில் மாத்துனேன். பிளக்கு அஞ்சையும், இல்ல, நாலு, நாலையும் தொடச்சேன். ஏர் ஃபில்டர் துணி ஃபில்டரு, கழுவிப் போடுறது, அதைக் கழுவி, ஆயில்ல முக்கி, பிழிஞ்சு மாட்டினேன். பிரேக்கு பாத்தேன். இதுல எதுய்யா வண்டிய நிறுத்தும்? நீ அரிச்சல்முனைக்குக் கொண்டு போயி உப்புத் தண்ணிப் பக்கத்துல நிறுத்தி போட்டோ எடுத்த. ஊர் பெட்ரோல் எல்லாம் குடிக்க வச்ச. குத்தம் எம்மேலயா?"

நவ்ஷாத் போனை எடுத்து உம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு இருளாண்டி முகத்துக்கு நேரே நீட்டினான். ரம்ஜான் பீவியின் குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி கிட்டே போய் நின்று கேட்டேன்.

"இருளாண்டி, எம் பேத்தி பாலத்துல நின்னு அழுதிருக்கா. உன் கை செஞ்ச தப்புன்னா நீ அந்த எடத்துல இருக்க வேணாம், எந்திரிச்சிரு. உன் கை தப்பு இல்லன்னா, நான் கண்ண மூடுற வரைக்கும் இவன் உன் தகரத்தத் தொட மாட்டான். வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் நானே வாரேன். என்னன்னு கண்டுபுடிச்சு வையி."

"வாங்கம்மா. கண்டுபுடிச்சு வைக்கிறேன்" என்றான். போன் அணைந்ததும் நவ்ஷாத்தைப் பார்த்து, "ஜூஸ் கடைக்கு இப்பவே ஆரஞ்சு வாங்கி வச்சிராத. அழுகிப் போகும்" என்றான்.

புதன்கிழமை முழுக்க வேறு வண்டியைத் தொடவில்லை. அவன் வேலை செய்கிற விதத்தை நான் பதினோரு வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். மற்றவன் மாதிரி சாமானை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க மாட்டான். முதலில் வண்டியை ஓட விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பான். அப்புறம்தான் கை வைப்பான்.

முதலில் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் இறக்கி வெயிலில் பிடித்தான். தண்ணீர் இல்லை. பிளக்குகளைக் கழற்றினான், நாலும் ஒரே நிறத்தில் நன்றாக இருந்தன. காற்று உள்ளே போகிற வாயில் ஒரு தட்டு இருக்கும், த்ராட்டில் என்பார்கள், அதில் கரி படிந்தால் ஐடில் இறங்கும். ஸ்பிரே அடித்துத் துணியால் துடைத்தான். கரி கொஞ்சம்தான் வந்தது. ஸ்டார்ட் செய்தான். முள் ஐந்நூற்றைம்பதில் ஏறி நின்றது. அவன் முகத்தில் ஒரு தெளிவு. நான் என் ஷெட்டிலிருந்து, "போச்சுடா" என்று நினைத்தேன். மூன்று நிமிஷம். மறுபடி ஐந்நூறு, நடுக்கம், புட்டு.

"கெட்ட வார்த்தைக்கு உங்கிட்ட பஞ்சமில்லையே, அதையும் ஊத்திப் பாரு" என்றேன், ரோட்டைப் பார்த்து.

"சில நாய் கொரைக்கிறதுக்கு வண்டி நிக்கணும்னு இல்ல" என்றான், அவனும் ரோட்டைப் பார்த்து.

மதியத்துக்கு மேல் இன்னொன்று செய்தான். இதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. குழாயில் எங்காவது ஓட்டை இருந்து வெளிக்காற்று இழுத்தாலும் ஐடில் கெடும். பெரிய கம்பெனிகளில் அதைக் கண்டுபிடிக்கப் புகை விடுகிற மெஷின் வைத்திருப்பார்கள். இவன் ஏர்வாடியில் தர்காவுக்குப் பக்கத்தில் போய் சாம்பிராணி வாங்கி வந்தான். பழைய பால் டின்னில் கங்கு போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டி மூடி, ஒரு டியூபை இன்ஜினின் காற்றுக் குழாயில் சொருகி, டின்னின் இன்னொரு ஓட்டையில் சைக்கிள் பம்பை வைத்து மெல்ல அடித்தான். இன்ஜினுக்குள் புகை நிறைந்தது. எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். எங்கும் கசியவில்லை. ஈசிஆர் ரோடு முழுக்க மணத்தது. ஒரு வேன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "இங்க என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"காரியம்!" என்று கத்தினான் இருளாண்டி. "எனக்குத்தான்! போய்யா!"

வியாழக்கிழமை காலையில் அவன் பானட்டுக்கு முன்னால் சும்மா நின்றான். கையில் ஸ்பேனர் இல்லை. அப்படி அவன் நின்று நான் பார்த்ததில்லை. அவனுக்கு அடுத்து என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் அது. உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று பார்க்க ஸ்கேனர் வேண்டும். அந்த ரோட்டில் ஸ்கேனர் வைத்திருப்பது நான் ஒருத்தன்தான். அவன் கேட்பானா என்று பார்த்துக்கொண்டே ஒரு செல்ஃப் மோட்டாரை மூன்று தடவை பிரித்து மாட்டினேன்.

பத்து மணிக்குச் சத்தம் வந்தது. "சில பேருகிட்ட மெஷின் இருக்கும். மூளை இருக்காது."

"சில பேருகிட்ட ரெண்டும் இருக்காது. வாய் மட்டும் இருக்கும்" என்றேன்.

தகரத்தை உதைக்கிற சத்தம் கேட்டது. "வாய விட்டுக் கேட்டா தருவானுகளா, மாட்டானுகளா?"

"யாரு கேக்குறா? ரோடா?"

தகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "அந்த மெஷினக் குடுறா" என்றான்.

கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். அவன் தோற்பதைக் கிட்ட இருந்து பார்க்கலாமே என்றுதான் போனேன், வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி ஆன் செய்தேன். கோளாறு என்று எதுவும் எழுதிக் காட்டவில்லை. ஓடும்போது வருகிற அளவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எனக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும். இன்ஜினுக்குள் போகிற காற்றின் அளவு வந்ததும் நிறுத்தினேன்.

"இந்த சைஸ் இன்ஜினுக்கு ஐடில்ல செகண்டுக்கு மூணு கிராமுக்குக் கிட்ட காத்து காட்டணும். ஒண்ணரைதான் காட்டுது."

"அப்ப காத்து கொறச்சலாப் போகுதா?"

"போகுதோ என்னமோ. அளக்குறவன் கொறச்சலாச் சொல்றான். கொறஞ்ச காத்துன்னு நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலக் கொறைக்குது. பெட்ரோல் பத்தாம இன்ஜின் தவிக்குது."

"அளக்குறவன் எங்க இருக்கான்?"

ஃபில்டர் டப்பாவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் குழாயில் சொருகியிருக்கிற சின்னக் கறுப்பு சாமானைக் காட்டினேன். அவன் உடனே, "ஆஃப் பண்ணு. அவன் ஒயர் பிளக்கப் புடுங்கு. ஸ்டார்ட் பண்ணு" என்றான். அளக்கிறவன் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற பொதுக்கணக்கை வைத்து ஓட்டும். பொய்க்கணக்கைவிடப் பொதுக்கணக்கு மேல். பிடுங்கினேன். சாவியைத் திருகினேன்.

முள் எண்ணூற்றுக்கு மேல் ஏறி நின்றது. ஏசி போட்டேன். லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. ஆஃப் ஆகவில்லை.

"சிக்கிட்டான்!" என்று இருளாண்டி பானட்டில் அறைந்தான். "சென்சார்! கம்பெனி சாமான்! எங் கை எங்கடா இருக்கு இதுல? வரட்டும் ஜூஸ் கடைக்காரன்!" அந்தச் சந்தோஷத்தில் என் முதுகில் வேறு ஒரு அடி அடித்தான். வலித்தது.

திருகாணி ரெண்டைக் கழற்றி அந்தச் சாமானை வெளியே எடுத்தான். உள்ளே தலைமுடி கனத்தில் கம்பி இருக்கும். அந்தக் கம்பி சூடாகி, காற்று பட்டு எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துத்தான் அளவு. வெயிலில் பிடித்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். கம்பி பளபளவென்று இருந்தது. காய்ந்த கம்பி பளபளக்காது. எண்ணெய். எண்ணெய் மேல் பொடிமணலும் உப்பும் அப்பிக் கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது.

அவன் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் நனைந்து வந்தது. ஃபில்டர் டப்பாவைத் திறந்தான். அந்தச் சிவப்புத் துணி ஃபில்டர் ஈரமாக, கனமாக இருந்தது. டப்பாவின் அடியில் ஒரு கரண்டி எண்ணெய் தேங்கிக் கிடந்தது.

மாரியூரில் வள்ளத்து இன்ஜினுக்கு அப்படித்தான் செய்வார்கள். அந்த இன்ஜினின் காற்று வலையை எண்ணெயில் முக்கி, கையால் பிழிந்து, சொட்டச் சொட்ட மாட்டுவார்கள். கடற்கரை மணலையும் உப்பையும் அந்த எண்ணெய்தான் பிடிக்கும். டீசல் இன்ஜின், அங்கே கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. எவ்வளவு எண்ணெய் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பதினெட்டு வருஷம் அவன் கை அதைத்தான் செய்தது. இந்தத் துணி ஃபில்டருக்கோ மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய் போதும். மூக்குப்பொடி அளவு. அவன் கை அதற்கும் ஷெட்டில் கிடந்த இன்ஜின் ஆயிலில் முழுக்கு போட்டுவிட்டது. இன்ஜின் இழுத்த இழுப்பில் எண்ணெய் பனி மாதிரி பறந்து போய் அந்தக் கம்பியில் உட்கார்ந்துவிட்டது.

இருளாண்டி டயர் மேல் உட்கார்ந்தான். விரலில் இருந்த எண்ணெயைக் கைலியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"பாலத்துல எந்த எடத்துல நின்னுச்சுன்னான்?"

"நடுவுல. ஒசந்த எடத்துல" என்றேன்.

"அங்க காத்து அடிக்கும்" என்றான்.

சென்சார் கழுவுகிற ஸ்பிரே என்னிடம்தான் இருந்தது, எடுத்து வந்து வைத்தேன். தொடாமல், தூரத்திலிருந்து ஸ்பிரே அடித்துக் கம்பியைக் கழுவினான். குழாயைக் கழுவினான். ஃபில்டரைச் சோப்புத்தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசி, தகரத்தின் நிழலில் கட்டித் தொங்கவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் மருந்துக்கடையில் ஊசிக்குழல் ஒன்று வாங்கி வந்து, அந்த ஃபில்டருக்கு உண்டான எண்ணெயை மடிப்பு மடிப்பாக ஒவ்வொரு சொட்டாக விட்டான். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முள் எண்ணூற்றைம்பதில் போய் ஆணி அடித்த மாதிரி நின்றது.

நான் அப்போது ஒன்று சொன்னேன். அவனுக்காகச் சொல்லவில்லை. ஜூஸ் கடை வந்தால் என் வாசலில் கார் நிறுத்துவார்கள், வேலை கெடும். "வர்றவங்ககிட்ட உப்புன்னு சொல்லிரு. உப்பும் இருந்துச்சுல்ல. பொய் இல்ல."

அவன் பானட்டை மூடிவிட்டுக் கை கழுவப் போனான்.

ஜும்ஆ முடிந்து ரெண்டு மணி வாக்கில் ஆட்டோ வந்தது. வெள்ளைத் துப்பட்டியோடு ரம்ஜான் பீவி இறங்கினார். பின்னாலேயே நவ்ஷாத் மோட்டார் சைக்கிளில். கார் ஓடிக்கொண்டிருந்தது. நவ்ஷாத் உள்ளே உட்கார்ந்து ஏசி போட்டான், லைட் போட்டான், ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் திருகினான். முள் அசையவில்லை. அவன் முகம் தொங்கிப்போனது.

"என்ன கோளாறு இருளாண்டி?" என்றார் அந்த அம்மா.

"காத்தை அளக்குற கம்பி ஒண்ணு இருக்கும்மா, முடி மாதிரி. அதுல எண்ணெய் படிஞ்சு, எண்ணெய்ல உப்பும் தூசியும் ஒட்டிக்கிச்சு. அதான் நின்னு நின்னு போச்சு. கழுவிட்டேன்."

"எண்ணெய் எங்கருந்து வந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். "பழைய இன்ஜின்ல ஆயில் ஆவியாகி மேல ஏறும்மா, சகஜந்தான்..."

"வாய மூடுறா ஒயர்க்காரா!" இருளாண்டி போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரன் திரும்பினான். "நீ ஒயரப் பத்திப் பேசு! இன்ஜின் ஆவி பாக்க வந்துட்டான்! எந்த ஆவிடா? இந்த இன்ஜின்ல ஆவி வந்தத நீ கண்டியா?" அப்புறம் அந்த அம்மாவிடம் திரும்பினான். குரலைக் குறைக்கவில்லை. "நான் ஊத்துன எண்ணெய்ம்மா. ஃபில்டர வள்ளத்து இன்ஜின் மாதிரி நெனச்சு முக்கிட்டேன். எங் கைதான்."

"பாத்தீங்களா உம்மா!" நவ்ஷாத் காரிலிருந்து துள்ளி இறங்கினான். "நான் அப்பவே சொன்னேன்ல!"

"நீ என்னத்தச் சொன்ன? நீ சொன்னது 'என்ன பண்ணி வச்சீரு'! அதுக்கு அர்த்தம் ஒனக்கே தெரியாது. கண்டுபுடிச்சது நானு. வண்டி வாங்கத் தெரியுது, அந்த ஃபில்டருக்கு எவ்வளவு எண்ணெய்னு வித்தவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியல. நீ பேசாத!"

"தப்பும் பண்ணிட்டு என்னையே வையிறீரா?"

"வைவேன். தப்பு எந்தப்பு. வண்டி ஒன் வண்டி."

ரம்ஜான் பீவி கையை லேசாகத் தூக்கினார். மகன் அடங்கினான். இருளாண்டி அடங்கவில்லை, ஆனால் நிறுத்தினான்.

"நீ உப்புன்னு சொல்லியிருந்தா இவன் நம்பியிருப்பான். எனக்கும் தெரியாது. ஏன் சொன்ன?" என்றார் அந்த அம்மா.

"சொல்லலன்னா அடுத்த வருஷம் வேற எவனாவது கழட்டிப் பாத்து, எவனோ கூறுகெட்டவன் இன்ஜின் ஆயில்ல முக்கிருக்கான்னு சிரிப்பான். அதுக்கு நானே சொல்லிக்கிறேன்." கொஞ்சம் நின்று, "புள்ள வேற உள்ள இருந்துச்சு" என்றான்.

அந்த அம்மா காரைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். மன்னித்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"நீ உண்மையச் சொன்னதுக்கு அல்லாஹ் ஒனக்கு நல்லது செய்வான். ஆனா நான் ஒரு சொல்லு சொல்லிட்டேன். எம் மகன்கிட்டயும் சொல்லிட்டேன். ஒனக்கு ஒரு நாக்கு, அவனுக்கு ஒரு நாக்குன்னு எனக்கு ரெண்டு நாக்கு இல்ல. எந்திரிச்சிரு இருளாண்டி."

"சரிம்மா" என்றான். நவ்ஷாத் ஏதோ தவணை சொல்ல வந்தான், இந்த மாசக் கடைசி என்றோ என்னவோ. "ஒன் தவணை எனக்கு வேணாம்யா. நாளைக்குச் சாயங்காலம் வந்து அளந்துக்க" என்று காரை அணைத்துச் சாவியை அவன் கையில் திணித்தான்.

சொன்னபடி மறுநாள் குட்டியானை லோடு வண்டி ஒன்றைப் பிடித்து வந்தான். சாக்பீஸ் எழுத்தோடு தகரத்தைப் பிரித்தான். வேலை மேஜையை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"ஒழுங்காப் புடி. ட்யூப்லைட் இல்ல இது" என்றான்.

"ஒடச்சதே நீதானடா" என்றேன்.

"ஒடைப்பேன்" என்றான். மேஜை ஏறியது. போய்விட்டான். போகிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது மாரியூர் விலக்கில், சாயல்குடி ரோட்டு மேல், ஒரு வேப்பமரத்தடியில் கொட்டகை போட்டிருக்கிறான். அதே கத்தல், அதே திமிர் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவனைத் தேடி இங்கே வருகிற வண்டிகளுக்கு வழி சொல்வது என் தலையெழுத்தாகிவிட்டது. கிறுக்கன், உங்களை வெயிலில் நிறுத்துவான், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லித்தான் வழி சொல்கிறேன். எல்லாரும் போகத்தான் செய்கிறார்கள்.

நவ்ஷாத் சார்ஜாவுக்குக் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் என் கடைக்கு வந்தான். பக்கத்தில் ஜூஸ் கடைக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தது. வண்டியை வீட்டில் பூட்டி நிறுத்துவதற்கு முன்னால் ஒருத்தர் பார்த்துச் சொன்னால் தேவலை, ராமநாதபுரத்தில் மறுபடி மாட்டேன் என்கிறார்கள் என்றான். நான் ஒயர்க்காரன் என்றேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டான். சொன்னேன்.

சாயங்காலம் திரும்பி வந்து என் வாசலில் நிறுத்தினான். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"மூணு மணி நேரம் ஒரு மீன் வண்டிக்குப் பின்னால நிக்க வச்சாருண்ணே. அப்புறம் வந்து பானட்டக்கூடத் தெறக்கல. ஓட விடுன்னாரு. கண்ண மூடிக்கிட்டு நின்னாரு. 'ஐடில் நல்லா இருக்கு, போ. இனிமே இந்தப் பக்கம் வராத'ன்னு வெரட்டிட்டாரு."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதும் கார் ஓடிக்கொண்டிருந்தது. நானும் கொஞ்ச நேரம் காது கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது.